வந்த தண்ணி எங்கே போகுது?

(ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கம் இல்லை. அதனால எழுதி வச்சுப் படிக்கிறேன். சேமிப்பைப் பத்தியும் கறவை மாட்டுக் கடனைப் பத்தியும் மத்தவங்க நல்லாவே பேசுவாங்க. நான் கழிவுத் தண்ணியைப் பத்திப் பேசுறேன்னு பேர் கொடுத்தப்போ, "நல்ல நாளும் அதுவுமா சாக்கடையைப் பத்தியா பேசுவே?"ன்னு சிலர் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழுவை அரசுத் திட்டமா முதல்ல ஆரம்பிச்சது 1989-ல நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான். அன்னிக்கு ஒரு பொம்பளை பணக் கணக்கைப் பத்திப் பேசினாலே சிரிச்சாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. இன்னிக்கு யாரும் சிரிக்கிறது இல்லை. கழிவுத் தண்ணிக் கணக்கும் அப்படி ஒரு நாள் சாதாரணப் பேச்சா மாறணும்.

எங்க ஊரு மலை மேல இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். மேல்தெருவுல 34 வீடு, கீழ்த்தெருவுல 26 வீடு. ராகி, சாமை, கொள்ளு, கொஞ்சம் வாழை. மலைன்னதும் ஜிலுஜிலுன்னு தண்ணி ஓடும்னு கீழே இருக்கிறவங்க நினைக்கிறாங்க. அப்படி இல்லை. நம்ம மாவட்டத்துல ஒரு வருஷத்துக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. அதுவும் சேர்ந்தாப்புல பெய்ஞ்சு சரிவுல ஓடிப் போயிடும். பிடிச்சு வைக்க மண் வேணும். எங்க ஊர்ல ரெண்டு அடி தோண்டினா பாறை. கீழே பல ஊருக்கு 2013-லேர்ந்து ஒகேனக்கல் தண்ணி வருது. எங்களுக்கு ஒரு போர், கீழ்த்தெருவுக்குப் பக்கத்துல பாறை இடுக்குல ஒரு ஊத்து, அவ்வளவுதான். பங்குனி, சித்திரையில போர் வத்திப் போனா ரெண்டு தெருவுக்கும் அந்த ஊத்துதான் சோறு போடுற தாய்.

சில வருஷத்துக்கு முன்னாடி மேல்தெருவுல மேல்நிலைத் தொட்டி கட்டி வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்தாங்க. எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுங்களா! ஒரு நாளைக்கு ஆறு ஏழு நடை குடம் தூக்கின இடுப்பு இது. குழாயைத் திறந்தா தண்ணி. அந்த அருமையை நான் கொறைச்சுப் பேச மாட்டேன். ஆனா வர்ற தண்ணிக்குக் குழாய் போட்டவங்க, போற தண்ணிக்கு ஒரு வழியும் போடலை.

ஒரு கணக்கு சொல்றேன், கேளுங்க. 2019-ல ஆரம்பிச்ச ஜல் ஜீவன் திட்டத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணின்னு வச்சிருக்காங்க. அஞ்சு பேர் இருக்கிற வீட்டுக்கு 275 லிட்டர். குடிக்கிறதும் சோறு ஆக்குறதும் கொஞ்சம்தான். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, கழிப்பறைக்குன்னு முக்கால் பங்கு தண்ணி கழிவாத்தான் வெளியே வரும். வீட்டுக்கு 200 லிட்டர்னு வச்சாலும் 34 வீட்டுக்கு 6,800 லிட்டர் ஆகுது. 5,000 லிட்டர் டிராக்டர் டேங்க் ஒண்ணு நிறைஞ்சு மேலயும் வழியுற தண்ணி. அது தினமும் மேல்தெருவுலேர்ந்து கெளம்பி எங்கேயாவது போகணும் இல்லையா? மலையில தண்ணிக்கு ஒரே திசைதான். கீழே!

முதல்ல தெருவுல சேறு வந்துச்சு. அப்புறம் கொசு. மேல்தெருக்காரங்களுக்கு அதுதான் தொந்தரவாத் தெரிஞ்சுது. உண்மையான தொந்தரவு கண்ணுக்குத் தெரியாம பாறைக்குள்ள போயிட்டு இருந்துச்சு.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்றேன். நல்ல மண்ணு ஒரு வடிகட்டி மாதிரி. அழுக்குத் தண்ணி மண்ணுல மெதுவா இறங்குறப்போ கிருமியெல்லாம் மண்ணுல தங்கி செத்துப் போகும். அதனாலதான் கழிப்பறைக் குழிக்கும் கிணத்துக்கும் நடுவுல குறைஞ்சது 10 மீட்டர் இருக்கணும்னு சொல்றாங்க. ஆனா பாறை வெடிப்பு வடிகட்டாது. அது ஒரு குழாய் மாதிரி. மேலே ஊத்தினது வடிகட்டாமலே வெடிப்பு வழியா ரொம்ப தூரம் போய் ஊத்தா வெளியே வந்துடும். எங்க மேல்தெருவுல கட்டின சில செப்டிக் டேங்க்குக்கு அடியில தளமே போடலை. "தண்ணி தானா இழுத்துக்கும், டேங்க் நிறையவே நிறையாது"ன்னு கட்டினவங்க பெருமையா சொல்லிட்டுப் போனாங்க. நிறையாத டேங்க்ல இருந்தது எங்கே போச்சுன்னு யாரும் கேக்கலை.

அந்த வருஷம் மழை விட்டப்புறம் கீழ்த்தெருவுல பிள்ளைங்களுக்கு வாந்தி, பேதி. கிராம சுகாதார செவிலியர் அக்கா ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் கையுமா வீடு வீடா ஏறி இறங்கினாங்க. உயிருக்கு ஒண்ணும் ஆகலை, சாமி புண்ணியம். ரெண்டு பிள்ளைங்களை மட்டும் ஜீப் பிடிச்சுக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க.

ஜல் ஜீவன் திட்டத்துல ஒவ்வொரு ஊர்லயும் அஞ்சு பெண்களுக்குத் தண்ணி பரிசோதனைப் பயிற்சி கொடுக்குறாங்க. எங்க ஊர்ல அந்த அஞ்சு பேர்ல நானும் ஒருத்தி. சின்ன பாட்டில் ஒண்ணு தருவாங்க. அதுல தண்ணியை ஊத்தி மூடி ஒரு நாள், ரெண்டு நாள் வச்சிருந்தா, மலக்கிருமி கலந்திருந்தா தண்ணி கறுப்பா மாறும். ஊத்துத் தண்ணியை ஊத்தி வச்சோம். மறுநாள் காலையில பாட்டில் மையி மாதிரி கறுத்துப் போயிருந்துச்சு.

அந்தப் பாட்டிலை ரெண்டு தெருக் குழுவும் சேர்ந்த கூட்டத்துல நடுவுல வச்சோம். கீழ்த்தெருச் சின்னம்மா ஒருத்தங்க எழுந்து, "ஏம்மா, உங்க வீட்டுக் கழிவை எங்க கொடத்துல ஊத்துறீங்களே, இது நியாயமா?"ன்னு கேட்டாங்க. மேல்தெரு அத்தை ஒருத்தங்க, "நாங்க என்ன வேணும்னா செஞ்சோம்? தண்ணி ஓடுறதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"ன்னு பதிலுக்குக் கத்தினாங்க. அன்னிக்குச் சேமிப்புப் பணம்கூட வசூல் பண்ணாம கூட்டம் கலைஞ்சு போச்சு. ஒரு மாசம் ரெண்டு தெருவும் முகம் கொடுத்துப் பேசலை. ஒரு காதுகுத்துக்குக் கீழ்த்தெருவுலேர்ந்து யாருமே வரலை. தண்ணி கெட்டா வயிறு மட்டும் கெடறது இல்லைங்க, உறவும் கெட்டுப் போகுது.

மறுபடியும் கூடினப்போ எங்க குழுத் தலைவி ஒரு நல்ல வார்த்தை சொன்னாங்க. "யார் வீட்டுத் தண்ணின்னு பார்க்காதீங்க. எந்தத் தண்ணின்னு பாருங்க"ன்னாங்க. அங்கேர்ந்துதான் வழி தெரிஞ்சுது.

கழிவுத் தண்ணி ரெண்டு ஜாதி. குளிச்ச தண்ணி, துவைச்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி ஒண்ணு. அளவுல இதுதான் பெரும்பங்கு. இதுல அழுக்கும் சோப்பும் எண்ணெயும் இருக்கும், கிருமி கம்மி. கழிப்பறைத் தண்ணி இன்னொண்ணு. அளவு கொஞ்சம், ஆனா நோய்க்கிருமி முழுக்க அதுலதான். ரெண்டையும் ஒரே குழியில விட்டா எல்லாமே விஷம். தனித்தனியா வச்சா முதல் தண்ணி செடிக்கு ஆகும், ரெண்டாவதை மட்டும் பத்திரமா அடக்கி வச்சாப் போதும். காசு இல்லாத ஊருக்கு இதை விட நல்ல யோசனை இல்லை.

முதல் தண்ணிக்கு என்ன செஞ்சோம்னு சொல்றேன். நூறு நாள் வேலையில உறிஞ்சு குழி வெட்டலாம்னு சொன்னாங்க. ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம், உள்ளே கல்லு. கீழே சமவெளியில அது அருமையா வேலை செய்யுது. எங்க ஊர்ல அதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணினோம். ஒவ்வொரு வீட்டுப் பக்கமும் ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணி ஊத்தி, எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு பார்த்தோம். 9 வீட்டுல நல்ல மண்ணு, தண்ணி சீக்கிரம் இறங்குச்சு. அந்த ஒன்பதுக்கும் உறிஞ்சு குழி போட்டோம். மீதி வீட்டுல காலையில ஊத்தின தண்ணி சாயங்காலமும் அப்படியே நின்னுச்சு. அங்கே உறிஞ்சு குழி வெட்டினா தண்ணி பாறை மேலயே நகர்ந்து அடுத்த வீட்டு வரப்புல கசியும்.

அந்த வீடுகளுக்குக் கல்வாழைப் பாத்தி. வெளியே வர்ற தண்ணி முதல்ல ஒரு சின்னத் தொட்டியில விழும். அதுல தேங்காய் நாரை வச்சிருப்போம். சோத்துப் பருக்கையும் எண்ணெயும் அதுலயே நின்னுடும். வாரத்துக்கு ஒரு தடவை அந்த நாரை எடுத்து எருக்குழியில போட்டுட்டுப் புதுசு வைக்கணும். தொட்டியிலேர்ந்து தண்ணி பாத்திக்குப் போகும். பாத்தி ரெண்டு அடி அகலம், ஒண்ணரை அடி ஆழம், பத்து அடி நீளம். அடியில பெரிய கல்லு, மேலே ஜல்லி, அதுக்கு மேலே மணல், அதுல கல்வாழை. முக்கியமானது என்னன்னா, பாத்தியைச் சரிவுக்கு நேரா வெட்டக் கூடாது. குறுக்கே வெட்டணும், நாம கொல்லையில வரப்பு கட்டுறோமே அப்படி. அப்பத்தான் தண்ணி நின்னு நிதானமாப் போகும், செடி குடிக்கும். கடைசியில மிஞ்சுற தண்ணி வாழைக்கும் முருங்கைக்கும் பப்பாளிக்கும் போகுது.

இதுல சில கட்டுப்பாடு உண்டு. இந்தத் தண்ணியைக் கீரைக்கும் பச்சையாத் தின்னுற காய்க்கும் ஊத்தக் கூடாது. மரத்துக்கு மட்டும் ஊத்தணும், அதுவும் வேருக்குத்தான், இலை மேல தெளிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மேல தேக்கி வைக்கக் கூடாது, நாறும், கொசு வரும். கூரைத் தண்ணி பாத்தியில விழாம ஒதுக்கி விடணும். பிள்ளைங்க பீத்துணி அலசின தண்ணி இதுல வரவே கூடாது, அது கழிப்பறைக்குத்தான் போகணும். சோப்புத்தூளையும் சோடாவையும் அள்ளிக் கொட்டினா மண்ணு உப்பேறிப் போகும். அளவாப் போடுங்க.

அடுத்தது கழிப்பறைத் தண்ணி. மண்ணு ஆழமா இருக்கிற வீட்டுல, ஊத்துக்குத் தூரமா, ரெட்டைக் குழி. ஒரு குழி நிறைய ஏறத்தாழ 3 வருஷம் ஆகும். அப்புறம் அதை மூடிட்டு அடுத்த குழிக்குத் திருப்பி விடணும். மூடின குழியைக் குறைஞ்சது ஒண்ணரை வருஷம் தொடக் கூடாது. அப்புறம் திறந்தா வாசனையே இல்லாத எரு.

பிரச்சினை ஊத்துக்கு நேர் மேலே பாறையில இருக்கிற 7 வீடு. அங்கே எந்தக் குழியும் ஆகாது. அங்கேதான் என் தம்பி சொன்ன ஒரு விஷயம் உதவியா இருந்துச்சு. அவன் பட்டாளத்துல இருக்கான், லடாக்குல கொஞ்ச காலம் இருந்தான். லே பட்டணம் 3,500 மீட்டர் உயரத்துல இருக்குதாம். மழை ஒரு வருஷத்துக்கே 100 மில்லிமீட்டர் அளவுதான், நமக்குப் பெய்யுறதுல எட்டுல ஒரு பங்கு. குளிர்காலத்துல குழாய்த் தண்ணி உறைஞ்சு போகும். அந்த ஜனங்க காலங்காலமா தண்ணியே இல்லாத கழிப்பறை வச்சிருக்காங்க. மேல் அறையில தரையில ஒரு ஓட்டை. போனதும் மண்ணோ சாம்பலோ அள்ளிப் போடுவாங்க. கீழே இருக்கிற அறையில அது மக்கி எருவாகும். விதைப்புக்கு முன்னாடி வயலுக்குக் கொண்டு போவாங்க. ஒரு சொட்டுத் தண்ணி கெடறது இல்லை, வயலுக்கும் சத்து.

அங்கேயும் பின்னாடி மாறிப் போச்சு. சுற்றுலாக்காரங்க நிறைய வர வர விடுதியெல்லாம் தண்ணிக் கழிப்பறை கட்டினாங்க. கழிவு நிலத்துக்குள்ள இறங்குது, குடிக்கிற தண்ணிக்குப் பயம் வந்துடுச்சு. அதனால 2017-ல லே-வுல செப்டிக் டேங்க் கசடைச் சுத்தம் பண்ண ஒரு நிலையம் கட்டினாங்க. கல்லும் மணலும் போட்ட பாத்தியில நாணல் மாதிரிச் செடி வச்சு, கசடை அதுல விட்டு, தண்ணியை வடிய விட்டுக் காய வைக்கிறாங்க. ஒரு நாளைக்கு 12,000 லிட்டர் வரைக்கும். பெரிய பட்டணத்துக்குக் கட்டுற மாதிரி பெரிய மெஷின் இல்லை. எங்க கல்வாழைப் பாத்தியோட அக்கா மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

தண்ணி இல்லாத கழிப்பறை நம்ம தமிழ்நாட்டுக்கும் புதுசு இல்லை. திருச்சி மாவட்டம் முசிறிப் பக்கம் பல வருஷமா இருக்குது. சிறுநீர் தனியா, மலம் தனியா, கால் கழுவுற தண்ணி தனியாப் போகும். தரைக்கு மேலயே தளம் போட்ட ரெண்டு அறை. போனதும் ஒரு கை சாம்பல். ஒண்ணு நிறைஞ்சதும் மூடிட்டு அடுத்தது. விறகு அடுப்பு எரிக்கிற ஊர்ல சாம்பலுக்கா பஞ்சம்?

ஏழு வீட்டுல அஞ்சு வீடு ஒத்துக்கிட்டாங்க. குழுவுல உள்கடன் கொடுத்தோம், மாசத் தவணையில கட்டுறாங்க. ரெண்டு வீடு, "ஊரெல்லாம் தண்ணி ஊத்துறப்போ நாங்க மட்டும் சாம்பல் அள்ளிப் போடணுமா?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியில நியாயம் இருக்குது. கீழே இருக்கிறவங்களுக்காக மேலே இருக்கிற ஒரு சிலர் மட்டும் சிரமப்படுறாங்க. அதனால அந்த அஞ்சு வீட்டுக்கும் வட்டி வேண்டாம்னு ரெண்டு தெருக் குழுவும் சேர்ந்து தீர்மானம் போட்டோம். தீர்மானத்தை முன்மொழிஞ்சது யாரு தெரியுங்களா? அன்னிக்கு எழுந்து கேள்வி கேட்ட அதே கீழ்த்தெருச் சின்னம்மா. மீதி ரெண்டு வீட்டு டேங்க்குக்கு அடித்தளம் போட்டுப் பூசியாச்சு. அதை வருஷா வருஷம் லாரி வச்சு எடுக்கணும், அந்தச் செலவுக்கு இன்னும் வழி தேடிட்டு இருக்கோம்.

லாரி வச்சுன்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, டேங்க்குக்குள்ள ஒரு ஆளை இறக்கி அள்ள வைக்கிறது 2013 சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கிற விஷவாயு ஒரு மூச்சுல ஆளைச் சாய்ச்சுடும். "கம்மிக் கூலிக்கு ஆள் வரும்"னு யாராவது சொன்னா, அந்த ஆளும் ஒரு தாய் பெத்த பிள்ளைன்னு நினைச்சுக்கோங்க.

இப்போ ஊத்துத் தண்ணி எப்படி இருக்குதுன்னு கேப்பீங்க. மாசா மாசம் பாட்டில்ல பார்க்கிறோம். வெயில் காலத்துல கறுக்குறது இல்லை. கனமழை பெய்ஞ்ச மாசம் ரெண்டு தடவை கறுத்துச்சு. அதனால இன்னும் காய்ச்சித்தான் குடிக்கிறோம். வேலை முடிஞ்சு போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா போன மழைக்குக் கீழ்த்தெருவுலேர்ந்து ஒரு பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கலை. சித்திரையிலயும் மேல்தெருவுல வாழை வாடலை. காதுகுத்துக்கும் வர்றாங்க, போறாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். நாரை மாத்துறது, சாம்பல் சேர்க்கிறது, பாத்தியில அடைப்பு எடுக்கிறது எல்லாம் பெண்கள் தலையிலயே விழுது. தண்ணியில குளிக்கிறது வீட்டுல எல்லாரும்தானே? எங்க தெருவுல ஞாயித்துக்கிழமை பாத்தி வேலை ஆம்பளைங்க வேலைன்னு சொல்லிட்டோம். சில வீட்டுல நடக்குது, சில வீட்டுல நடத்தணும்.

கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒண்ணு, மாசக் கூட்டத்துல சேமிப்பு, கடன் கணக்கு வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு ஊர்த் தண்ணிப் பரிசோதனை முடிவையும் வாசிக்கணும். நல்ல முடிவோ கெட்ட முடிவோ, மறைக்கக் கூடாது.

ரெண்டு, கழிவுநீர்ப் பாத்திக்கும் கழிப்பறையைச் சரிபண்ணவும் சின்னக் கடன் கொடுக்க ஒரு வழி வேணும். மாடு வாங்கினாத்தான் வருமானம்னு நினைக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போகாத காசும் வருமானம்தான்.

மூணு, மார்ச் 22 உலக தண்ணீர் தினத்துக்கு நடக்கிற கிராம சபைக்கு எல்லா ஊர்க் குழுவும் போகணும். ஊராட்சிக்கு 15-வது நிதிக்குழு கொடுத்த பணத்துல 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னே ஒதுக்கியிருந்தாங்க. இந்த மாதிரிப் பணம் வர்றப்போ, "எங்க ஊர்ல வந்த தண்ணி எங்கே போகுது?"ன்னு எழுந்து கேளுங்க. குழி எடுக்க வர்றவங்ககிட்ட, "முதல்ல ஒரு அடி தோண்டித் தண்ணி ஊத்திப் பாருங்க, கீழ்த்தெருப் பெண்களையும் கூப்பிட்டுக் காட்டுங்க"ன்னு சொல்லுங்க.

விழாச் சாப்பாட்டுக்கு நேரம் ஆச்சு. கை கழுவுற தண்ணியை வாசல்ல விடாம, பந்தலுக்குப் பின்னாடி இருக்கிற தென்னைக்கு விடச் சொல்லி ஏற்பாடு பண்ணியிருக்காங்க. எல்லாரும் அங்கேயே கை கழுவுங்க.